பாடமும் பணமும் ஒரே கைப்பேசியில்

2024 நவம்பரில் காற்று மாசு கடுமையானபோது தில்லிப் பள்ளிகளின் வகுப்புகள் இணையவழிக்கு மாறின. இத்தகைய நாட்களில், ஒரே கைப்பேசி உள்ள வீட்டுப் பெற்றோர், சமையலுக்கும் அலுவலுக்கும் இடையே அதனைப் பிள்ளையிடம் விட்டுச்செல்ல நேர்கிறது. வங்கிச் செயலியும் அதில்தானே உள்ளது?

அச்செயலிக்குத் தனிப் பூட்டு இடுவது நலம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் திரையைப் பாடச் செயலியில் மட்டும் நிலைநிறுத்தவும் இயலும். யு.பி.ஐ. லைட்டில் உள்ள தொகையைச் செலவிட இரகசிய எண் தேவையில்லை. பலர் இதனை மறந்துவிடுகின்றனர். அதில் சிறு தொகையே இருக்கட்டும்.

பால்காரருக்குப் பணம் செலுத்துமாறு பிள்ளையிடம் கூறி, அடுக்களையிலிருந்தே இரகசிய எண்ணை உரக்கச் சொல்லும் வழக்கம் அறவே வேண்டா. வகுப்பின் ஒலிவாங்கி அப்போது திறந்திருக்கக்கூடும்.