ஒபாமாவின் முதல் தொகுதி: இல்லினாய் செனட் 13

ஒபாமா என்றதும் நமக்கு வெள்ளை மாளிகைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அவர் முதன்முதலில் ஓட்டுக் கேட்டு ஜெயித்தது சிகாகோ நகரத்தின் தெற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மாநில செனட் தொகுதியில். எண் 13. 1997 ஜனவரியில் இருந்து 2004 நவம்பர் வரை அவர் அந்தத் தொகுதியின் உறுப்பினர். அந்த நாற்காலிக்கு யார் எப்படி வந்தாங்க, அந்தத் தொகுதியின் எல்லைக்கோட்டை யார் வரைஞ்சாங்கன்னு தேடிப் படிச்சா, ஒபாமா கதையை விட அதுதான் சுவாரஸ்யம்னு எனக்குத் தோணுது.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். அமெரிக்க செனட் என்று நாம் செய்தியில் கேட்பது வாஷிங்டனில் இருப்பது. மாநிலத்துக்கு இரண்டு பேர், மொத்தம் 100 பேர். அது வேற, இது வேற. அங்கே நெப்ராஸ்கா தவிர மற்ற எல்லா மாநிலத்துக்கும் சொந்தமாக இரண்டு அவைகள் உண்டு. அதில் மேலவைக்கும் பேர் செனட்தான். தமிழ்நாட்டில் 1986-ல் கலைத்த சட்டமேலவையை நினைச்சுக்கோங்க. ஆனால் அங்கே மேலவைக்கும் மக்கள்தான் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். இல்லினாய் மாநிலத்தில் செனட்டர்கள் 59 பேர், கீழவையில் 118 பேர். ஒவ்வொரு செனட் தொகுதியையும் சரிபாதியாக வெட்டினால் இரண்டு கீழவைத் தொகுதி. ஒரு செனட்டருக்குச் சுமார் 2.1 லட்சம் மக்கள்.

இந்த '2.1 லட்சம்' எல்லாத் தொகுதிக்கும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கு பாருங்க, அது சும்மா கிடைச்சது இல்லை. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை தொகுதிகளைத் திருத்தணும் என்பது இல்லினாயின் பழைய அரசியல் சட்டத்திலேயே இருந்தது. இருந்தும் 1901-க்கு அப்புறம் 1955 வரை யாருமே தொடவில்லை. காரணம் சிம்பிள். சிகாகோ வளர்ந்துகொண்டே போனது. கோட்டைத் திருத்தினால் கிராமப்புற உறுப்பினர்களின் இடம் போய்விடும். திருத்த வேண்டியவர்களும் அவர்களேதான். 1955-ல் ஒருவழியாகத் திருத்தியபோதும், செனட்டை மக்கள்தொகைப்படி பிரிக்காமல் நிலப்பரப்பை வைத்துப் பிரித்தார்கள். சிகாகோ இருக்கும் குக் கவுன்ட்டியில் மாநில மக்களில் பாதிக்கு மேல் வாழ்ந்தார்கள். கிடைத்த செனட் இடமோ 58-ல் 24.

இதே கதை பல மாநிலங்களில். அலபாமாவில் பெரிய செனட் தொகுதிக்கும் சின்னதுக்கும் மக்கள்தொகை வித்தியாசம் 41 மடங்கு. அந்த வழக்கில்தான் 1964 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநிலத்தின் இரண்டு அவைகளுமே மக்கள்தொகை அடிப்படையில்தான் அமையணும் என்று தீர்ப்பளித்தது. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்றால் எல்லா ஓட்டுக்கும் ஒரே எடை இருக்கணும் இல்லையா, அதான்.

அதே 1964-ல் இல்லினாயில் ஒரு கூத்து நடந்தது. கீழவைத் தொகுதிகளைத் திருத்துவதில் ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் ஒத்துப்போகவில்லை. அதற்காகப் போட்ட கமிஷனும் தோற்றது. விளைவு, தொகுதியே இல்லாமல் தேர்தல்! 177 இடத்துக்கும் மாநிலம் முழுக்க ஒரே ஓட்டுச்சீட்டு. கட்சிக்கு 118 பேர் வீதம் 236 பெயர்கள். சீட்டின் நீளம் 33 அங்குலம். 'படுக்கை விரிப்பு' என்றே அதுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். 236 பேரை எந்த வாக்காளர் தெரிஞ்சு வெச்சிருப்பார்? தெரிஞ்ச குடும்பப் பேரைப் பார்த்துக் குத்தினார்கள் போல. முதலிடம் வந்தவர் மூன்றாம் அட்லாய் ஸ்டீவன்சன். அப்பா முன்னாள் ஆளுநர். குடியரசுக் கட்சியில் முதலாவதாக வந்தவர் முன்னாள் ஜனாதிபதி ஐசனோவரின் தம்பி.

இந்த அனுபவத்துக்குப் பிறகு 1970-ல் எழுதிய புது அரசியல் சட்டத்தில் ஒரு வழி வைத்தார்கள். சட்டமன்றத்தால் கோடு வரைய முடியலைன்னா எட்டுப் பேர் கமிஷன், இரண்டு கட்சிக்கும் தலா நாலு. அதுவும் 4-4 என்று முட்டிக்கொண்டால் மாநில உச்ச நீதிமன்றம் கட்சிக்கு ஒன்றாக இரண்டு பேரைச் சொல்லும். அதில் ஒருவரைச் சீட்டுக் குலுக்கி எடுக்கணும். அவர்தான் ஒன்பதாவது ஆள். குலுக்கலுக்குப் பயந்து இரண்டு கட்சியும் சமரசத்துக்கு வரும் என்பது கணக்கு. நடந்தது நேர்மாறு. சமரசம் செய்தால் பாதிதான் கிடைக்கும். குலுக்கலில் ஜெயித்தால் பத்து வருஷத்துக்கு மொத்தமும் நமக்கு. 1981, 1991, 2001 மூன்று தடவையும் குலுக்கல்தான்! முதல் தடவை ஜனநாயகக் கட்சி, இரண்டாவது தடவை குடியரசுக் கட்சி ஜெயித்தது. மூன்றாவதுக்கு அப்புறம் வருவோம்.

இப்போ 13-க்குப் போகலாம். இந்தத் தொகுதியின் மையம் ஹைட் பார்க், சிகாகோ பல்கலைக்கழகம் இருக்கிற பகுதி. கறுப்பின மக்களும் பேராசிரியர்களும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழும் இடம். 1967-ல் இருந்து 1991 வரை இந்தப் பகுதிக்காக மாநில செனட்டில் இருந்தவர் ரிச்சர்ட் நியூஹவுஸ். 1975-ல் சிகாகோ மேயர் பதவிக்கு, அசைக்கவே முடியாது என்று நினைத்த ரிச்சர்ட் டேலியை எதிர்த்து நின்று தோற்ற கறுப்பினத் தலைவர். அவருக்குப் பின் ஆலிஸ் பாமர் வந்தார். தேர்தலில் இல்லை, நியமனத்தில். இல்லினாயில் இடையில் ஒரு இடம் காலியானால் நம்ம ஊர் மாதிரி இடைத்தேர்தல் கிடையாது. அதே கட்சியின் உள்ளூர் நிர்வாகிகள் உட்கார்ந்து ஆளை நியமிப்பார்கள்.

1995-ல் பாமர் வாஷிங்டனுக்குப் போக ஆசைப்பட்டார். தன் மாநில செனட் இடத்துக்கு ஒபாமா என்ற இளம் வக்கீலை ஆதரித்தார். ஆனால் நவம்பரில் நடந்த போட்டியில் பாமர் தோற்றார். தோற்றதும், 'என் பழைய இடம் எனக்கே வேணும்' என்று திரும்பி வந்தார். ஒபாமா விலகவில்லை. அங்கே கட்சிக்குள் நடக்கும் பிரைமரி தேர்தலில் பேர் வரணும்னா அந்தத் தொகுதி வாக்காளர்களின் கையெழுத்து வேணும். அப்போது தேவை 757. பாமர் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்திருந்தார். ஒபாமாவின் ஆட்கள் ஒவ்வொரு கையெழுத்தையும் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து ஆட்சேபம் போட்டார்கள். முகவரி தப்பு, தொகுதிக்கு வெளியே வசிப்பவர், இப்படி அடித்துக்கொண்டே வந்ததில் பாமர் கணக்கு 757-க்குக் கீழே போனது. அவர் விலகிக்கொண்டார். மற்ற மூன்று பேரும் இதே வழியில் வெளியே. 1996 பிரைமரியில் ஒபாமா மட்டும்தான். ஜனநாயகக் கட்சியின் கோட்டையில் பிரைமரி ஜெயித்தால் முடிந்தது கதை. 1998-ல் அவர் வாங்கியது 89 சதவீதம். எல்லாம் சட்டப்படிதான். ஆனால் வாக்காளர் கையில் என்ன 'சாய்ஸ்' மிஞ்சியதுன்னு யோசிச்சுப் பாருங்க.

2000-ல் ஒபாமாவும் வாஷிங்டனுக்கு ஆசைப்பட்டு பாபி ரஷ்ஷிடம் பலமாக அடி வாங்கினார். மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டிலும் நிலைமை மோசம். 1991 குலுக்கலில் ஜெயித்த குடியரசுக் கட்சி வரைந்த கோட்டின் புண்ணியத்தில் செனட் அவர்கள் கையில். எதிர்க்கட்சி உறுப்பினரின் மசோதா மேசையைத் தாண்டாது.

2001 வசந்தத்தில் ஒபாமா, கட்சிக்காக மேப் வரைந்த ஜான் கொரிகன் என்பவரோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தன் தொகுதிக்குப் புது எல்லை பார்த்தார். நம்ம பாஷையில் சொன்னால் இது ஒரு ஆப்டிமைசேஷன் கணக்கு. மக்கள்தொகை சமமா, தொடர்ச்சியா, அடக்கமா இருக்கணும்னு சட்டம் மூணு கண்டிஷன் போடுது. எதை மேக்ஸிமைஸ் பண்ணணும் என்பதை மட்டும் வரைபவர் முடிவு செய்கிறார். பழைய 13, ஹைட் பார்க்கில் இருந்து மேற்கே எங்கிள்வுட் வழியாக சிகாகோ லான் வரை, உழைக்கும் ஏழை மக்களின் தெருக்களுக்குள் நீண்டது. புது 13, ஏரிக்கரையோரமாக வடக்கே ஏறி, நகர மையத்தைத் தாண்டி, பெரும் பணக்காரர்கள் வாழும் கோல்ட் கோஸ்ட் வரை போனது. கறுப்பின மக்கள் தொடர்ந்து பெரும்பான்மைதான். கூடவே தேர்தல் நிதி கொடுக்கக்கூடிய ஆட்களும் உள்ளே வந்தார்கள். 1998-ல் ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்ட மேற்குப் பக்கத்து வாக்காளர்களுக்கு 2002-ல் வேற செனட்டர். அவங்களை யாரும் கேட்கவில்லை.

ஆனால் அந்த மேப் வெறும் ஃபைலாகக் கிடக்குமா, சட்டமாகுமா? 2001 செப்டம்பரில் குலுக்கல். ஆபிரகாம் லிங்கன் போட்டிருந்த மாதிரி ஒரு உயரமான தொப்பிக்குள் இரண்டு சீட்டு. கை விட்டு எடுத்தவர் மாநிலச் செயலாளர் ஜெஸ்ஸி வைட். வந்த பேர் ஜனநாயகக் கட்சிக்காரர் மைக்கேல் பகாலிஸ். அவ்வளவுதான், கமிஷன் 5-4. அடுத்த வருஷத் தேர்தலில் செனட் கைமாறியது. எமில் ஜோன்ஸ் அவைத்தலைவரானார், ஒபாமா மசோதாக்கள் நகர ஆரம்பித்தன. சீட்டு மாறி வந்திருந்தால் அவர் ஜனாதிபதியே ஆகியிருக்க மாட்டார்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் 2004-ல் அமெரிக்க செனட்டுக்கு நின்றபோது மக்களிடம் காட்ட அவர் கையில் இவ்வளவு சட்டங்கள் இருந்திருக்காது.

அந்தச் சட்டங்களில் முக்கியமானது 2003-ல் வந்தது. கொலை வழக்கில் போலீஸ் விசாரணையைப் பதிவு செய்தே ஆகணும். சட்டம் போட்டு இதைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் இல்லினாய். சிகாகோ போலீஸில் அடித்து வாக்குமூலம் வாங்கியது அப்போது அம்பலமாகிக்கொண்டிருந்தது. 1977-க்குப் பிறகு மாநிலத்தில் 12 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியிருந்தார்கள். அதே காலத்தில் மரண தண்டனைக் கைதிகள் 13 பேர் நிரபராதிகள் என்று வெளியே வந்திருந்தார்கள். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஆளுநர் ஜார்ஜ் ரயன் 2000-ல் தண்டனைகளை நிறுத்தினார்.

ஒபாமா போன பிறகு 2004-ல் க்வாமே ரவுல் வந்தார், நியமனத்தில். ஹெய்ட்டியில் இருந்து வந்த பெற்றோரின் பிள்ளை. மரண தண்டனையையே ஒழித்த 2011 சட்டத்தை செனட்டில் கொண்டுபோனவர் அவர். 2019-ல் அவர் மாநில அட்டர்னி ஜெனரல் ஆக, ராபர்ட் பீட்டர்ஸ் வந்தார், மறுபடி நியமனம். ஜாமீனுக்குப் பணம் கட்டும் முறையை ஒழிக்க செனட்டில் முன்னின்றவர்களில் அவர் ஒருவர். 2023 செப்டம்பர் 18 முதல் இல்லினாயில், கையில் பணம் இல்லை என்பதற்காக யாரையும் விசாரணைக்கு முன் சிறையில் வைக்க முடியாது. அமெரிக்காவில் முதல் மாநிலம் அதுதான்.

ஆக 1991-ல் இருந்து 2019 வரை இந்த நாற்காலிக்குப் புதுசா வந்த நாலு பேரில் மூணு பேர் நியமனம். தேர்தல் மூலம் முதலில் நுழைந்தவர் ஒபாமா மட்டும். அவருக்கும் பிரைமரியில் எதிரே ஆள் இல்லை. அப்படி வந்தவர்கள்தான் போலீஸ் அறை, தூக்குமேடை, ஜாமீன் என்று ஒரே விஷயத்தை இருபது வருஷம் விடாமல் பிடித்திருக்கிறார்கள். நல்ல ஆளை அனுப்புவதும், ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களிடம் இருப்பதும் ஒண்ணு இல்லைன்னு எனக்குப் புரிஞ்சது இங்கேதான்.

2011-லும் 2021-லும் தொப்பி வெளியே வரவில்லை. இரண்டு அவையும் ஆளுநர் பதவியும் ஒரே கட்சியிடம் இருந்ததால் குலுக்கலுக்கு வேலையே வரவில்லை. மேப்பை அவர்களே வரைந்துகொண்டார்கள். அடுத்த கோடு 2031-ல்.