ஐந்து பேர் செய்த மாயம்!

ஒரு பெண் சலவைக் கடை நடத்துகிறாள். அவளுக்கு வரிக் கணக்குத் தொல்லை.

திடீரென்று அவள் வேறு உலகத்துக்குப் போய்விடுகிறாள். அங்கே அவள் ஒரு சினிமா நட்சத்திரம்! இன்னொரு உலகத்தில் சமையல்காரி. மற்றொரு உலகத்தில் மலை உச்சியில் கிடக்கும் வெறும் கல்!

இது ஓர் அமெரிக்கப் படத்தின் கதை. படத்தின் பெயர் "எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்". "எல்லாம், எங்கும், ஒரே நேரத்தில்" என்பது அதன் பொருள்.

2022-ம் ஆண்டில் இந்தப் படம் வெளிவந்தது. 2023 மார்ச் மாதம் 7 ஆஸ்கார் பரிசுகளைத் தட்டிக்கொண்டு போனது. "சிறந்த படம்" என்ற பரிசும் அதில் ஒன்று.

கண் மூடித் திறப்பதற்குள் உலகம் மாறும் காட்சிகள் இதில் ஏராளம். இவற்றைத் தந்திரக் காட்சிகள் என்பார்கள். சினிமாக்காரர்கள் "விஷுவல் எபெக்ட்ஸ்" என்கிறார்கள். இந்தப் படத்தில் அப்படிப்பட்ட காட்சிகள் சுமார் 500!

பெரிய ஹாலிவுட் படங்களில் இந்த வேலையை நூற்றுக்கணக்கான பேர் செய்வார்கள். இந்தப் படத்தில் எத்தனை பேர் தெரியுமா?

பெரும் பகுதியைச் செய்து முடித்தவர்கள் 5 பேர்தான்!

ஆசிரியர் யார்?

அந்த 5 பேரும் தந்திரக் காட்சிக் கலையைப் பள்ளியில் படித்தவர்கள் அல்ல. இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைத்த பாடங்களைப் பார்த்தார்கள். தாங்களே செய்து பழகினார்கள். அவர்கள் எல்லோரும் நண்பர்கள். குழுவின் தலைவர் பெயர் சாக் ஸ்டோல்ட்ஸ்.

2020-ம் ஆண்டில் கொரோனா பரவியது. ஊரடங்கு வந்தது. அவரவர் வீட்டில் இருந்தபடியே வேலை நடந்தது.

இது ஒரே நாளில் வந்த வித்தை அல்ல. அதற்கு முன்பே அவர்கள் சின்னச் சின்னப் படங்கள் எடுத்துக் கை பழகியவர்கள். பாடம் இலவசமாகக் கிடைத்தது. உழைப்பை அவர்கள்தான் கொடுத்தார்கள்.

வெட்டி ஒட்டும் கலை

அந்தப் படத்துக்குப் படத்தொகுப்புக்கான ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. அதை வாங்கியவர் பால் ரோஜர்ஸ்.

படத்தொகுப்பு என்பது "எடிட்டிங்". அந்தக் காலத்தில் பிலிம் சுருளை வெட்டி ஒட்டுவார்கள். இப்போது அந்த வேலை முழுவதும் கம்ப்யூட்டரில் நடக்கிறது.

வெட்டி ஒட்டுவதில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். அதில்தான் எல்லாம் இருக்கிறது!

ரஷியாவில் குலஷோவ் என்று ஒரு சினிமா ஆசிரியர் இருந்தார். சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு அவர் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் முகத்தைக் காட்டினார். அந்த முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. அதை அடுத்து, ஒரு கிண்ணத்தில் சூப்பைக் காட்டினார். நடிகர் பசியோடு இருப்பதாகப் பார்த்தவர்களுக்குத் தோன்றியது. அதே முகத்தை அடுத்து, சவப்பெட்டியைக் காட்டினார். இப்போது அந்த முகத்தில் துக்கம் தெரிந்ததாம்!

முகம் ஒன்றுதான். பக்கத்தில் ஒட்டிய படம் மாறியது. பொருளும் மாறிவிட்டது.

இந்தச் சோதனையை இன்று வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு செல்போன் போதும்.

கம்ப்யூட்டர் இருந்தால் "டாவின்சி ரிசால்வ்" என்ற கருவியில் பழகலாம். ஒரு காலத்தில் அதன் விலை லட்சக்கணக்கான டாலர். 2009-ம் ஆண்டில் ஓர் ஆஸ்திரேலியக் கம்பெனி அதை வாங்கியது. இப்போது அதன் ஒரு பதிப்பு இலவசம். பாடப் புத்தகங்களையும் பழகுவதற்கான படத் துண்டுகளையும் அந்தக் கம்பெனியே இலவசமாகத் தருகிறது.

பச்சைத் துணி ரகசியம்

தந்திரக் காட்சியில் முதல் பாடம் பச்சைத் துணி.

நடிகர் பச்சைத் திரைக்கு முன்னால் நின்று நடிப்பார். பச்சை நிறத்தை மட்டும் நீக்கும்படி கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுப்பார்கள். திரை மறைந்துவிடும். அந்த இடத்தில் கடலை வைக்கலாம். பனிமலையை வைக்கலாம்.

மனிதத் தோலின் நிறத்தோடு பச்சை கலந்துவிடாது. அதனால்தான் பச்சைத் திரை. ஆனால் நடிகை அதே பச்சையில் சேலை கட்டி வந்தால் ஆபத்து. சேலையும் சேர்ந்து மறைந்துவிடும்!

மக்கள் மீட்ட கருவி

பொம்மைப் படம் செய்யவும், தந்திரக் காட்சி அமைக்கவும் "பிளெண்டர்" என்று ஒரு கருவி உண்டு. அதன் கதையே ஒரு சினிமா போன்றது.

அதை உருவாக்கியவர் டோன் ரூசெண்டால். ஹாலந்து நாட்டுக்காரர். 2002-ம் ஆண்டில் அவருடைய கம்பெனி நொடித்துப்போனது. கருவியின் உரிமை, பணம் போட்டவர்களின் கையில் இருந்தது. 1 லட்சம் யூரோ கொடுத்தால் அதை விடுவிக்கலாம் என்று முடிவாயிற்று.

ரூசெண்டால் பொதுமக்களிடம் கையேந்தினார். பணம் குவிந்தது. 7 வாரத்தில் 1 லட்சம் யூரோ சேர்ந்துவிட்டது! அந்த ஆண்டு அக்டோபர் மாதம் "பிளெண்டர்" எல்லோருக்கும் பொதுச் சொத்து ஆனது. இன்றும் அது இலவசம்.

2012-ம் ஆண்டில் "பிளெண்டர்" அமைப்பு "டியர்ஸ் ஆப் ஸ்டீல்" என்ற குறும்படத்தை எடுத்தது. எந்திர மனிதர்கள் வரும் படம். கேமராவில் பிடித்த காட்சிகளை அப்படியே இன்டர்நெட்டில் போட்டுவிட்டது. யார் வேண்டுமானாலும் அவற்றை எடுத்துப் பழகலாம். ஒரு மாணவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பூனை வாங்கிய பரிசு

லாட்வியா ஒரு சின்ன நாடு. அந்த நாட்டு இளைஞர் கின்ட்ஸ் சில்பலோடிஸ், முதல் முழுநீளப் படத்தைத் தன்னந்தனியாகவே எடுத்தார். படம், தொகுப்பு, இசை எல்லாம் அவரே!

அடுத்த படத்துக்கு ஒரு குழு சேர்ந்தது. "புளோ" என்ற அந்தப் படம் "பிளெண்டர்" கருவியில் உருவானது. வெள்ளத்தில் தப்பும் ஒரு பூனையின் கதை. படத்தில் ஒரு வார்த்தைகூடப் பேச்சு இல்லை. 2025 மார்ச் மாதம் ஆஸ்கார் பரிசு வாங்கியது. பெரிய பெரிய கம்பெனிகளின் படங்களை ஒரு பூனை தோற்கடித்துவிட்டது!

தமிழிலும் பாடம்

மும்பை ஐ.ஐ.டி. "ஸ்போக்கன் டுடோரியல்" என்ற பெயரில் இலவசப் பாடங்களை இன்டர்நெட்டில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு பாடமும் சுமார் 10 நிமிடம். "பிளெண்டர்" பாடமும் உண்டு. பல பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன.

அங்கே சொல்லும் முறை கவனிக்கத்தக்கது. திரையின் ஒரு பாதியில் பாடம். மறு பாதியில் கருவி. கொஞ்சம் கேட்க வேண்டும். பாடத்தை நிறுத்த வேண்டும். கேட்டதைச் செய்து பார்க்க வேண்டும். பிறகுதான் அடுத்த வரி.

பார்த்தால் மட்டும் போதுமா?

போதாது! 100 பாடம் பார்த்துவிட்டு ஒரு படமும் செய்யாதவர்கள் உண்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கரையில் நின்று நீச்சல் பழக முடியாது.

பிள்ளை இந்த வேலையைப் படிக்க ஆசைப்பட்டால், கடன் வாங்கிப் பெரிய கட்டணம் கட்ட அவசரப்பட வேண்டாம். "வேலை நிச்சயம்" என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். முதலில் 3 மாதம் இலவசப் பாடத்தில் பழகட்டும். ஒரு நிமிடப் படம் ஒன்றை முழுதாகச் செய்து முடிக்கட்டும். ஆசை நிலைக்கிறதா, இல்லையா என்பது அதற்குள் தெரிந்துவிடும். நிலைத்தால், பிறகு நல்ல பள்ளியைத் தேடலாம்.

இன்டர்நெட் பாடத்தில் ஒரு குறை உண்டு. செய்த தப்பை எடுத்துச் சொல்ல ஆசிரியர் பக்கத்தில் இல்லை. அதற்கும் வழி இருக்கிறது.

செய்து முடித்த படத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாம். அம்மா எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறார் என்று பார்க்க வேண்டும்.

கத்தரி போட வேண்டிய இடம் அதுதான்!