பொன் உண்டு, சுரங்கம் உண்டா?

மலைச்சரிவொன்றில் பொன்ரேகை தென்பட்டதென்று செய்தி பரவினால் ஜனங்களின் உள்ளம் துள்ளுகிறது. ஆனால் பொன் இருப்பது ஒன்று. சுரங்கம் கட்டுப்படியாவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதன் பலனை நீலகிரி ஜில்லாவின் தேவாலாவும் பந்தலூரும் அனுபவித்திருக்கின்றன.

அப்பக்கத்து மலைவாசிகள் நெடுங்காலமாய் ஓடைமணலை அரித்துப் பொன்னெடுத்து வந்தனர். 1879-ல் இந்திய சர்க்கார் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரௌ ஸ்மித் என்ற நிபுணரை வரவழைத்தது. அவரது அறிக்கை ஆசையைக் கிளப்பிற்று. லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. பல லட்சம் பவுன் பங்குப்பணம் நிலத்துக்கும் யந்திரத்துக்கும் பங்களாவுக்கும் சென்றது. கல்லைச் சோதிக்குமுன்பே கல்லரைக்கும் யந்திரம் வந்தது. சில வருஷங்களில் கம்பெனிகள் சாய்ந்தன; யந்திரங்கள் காட்டில் துருப்பிடித்தன.

கணக்கைப் பார்ப்போம். 200 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 50 மீட்டர் ஆழமுள்ள ரேகை ஒன்றிருப்பதாகக் கொள்வோம். அதிலுள்ள கல் ஏறக்குறைய 26,500 டன். டன்னுக்கு 5 கிராம் வீதம் பொன் 132 கிலோவுக்குச் சற்று மேல். அதில் ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வந்தால் 106 கிலோ. கேட்பதற்கு இனிய தொகையே! ஆனால் நாளொன்றுக்கு 100 டன் அரைக்கும் ஆலை இதனை 265 நாளில் தீர்த்துவிடும். பிறகு பாதைக்கும் மின்சாரத்துக்கும் நீரிறைப்புக்கும் கழிவுமண்ணைக் காப்பதற்கும் இட்ட முதல் எங்கிருந்து திரும்பும்? ஆலையைச் சிறிதாக்கினால் ஆயுள் நீளும். டன்னுக்கு விழும் செலவும் உயரும்.

மேலும், அந்த 5 கிராம் என்ற சராசரிக்குச் சாட்சியம் எது? மினுங்கும் கல்லைப் பொறுக்கிச் சோதிப்பது சாட்சியமாகாது. சம தூரத்தில் குழிவெட்டி, ரேகையின் முழு அகலத்தையும் குறுக்கே செதுக்கியெடுத்த மாதிரிகளே சாட்சியமாகும்.

கோலாரைக் காட்டி மறுப்பாருண்டு. 1880-ல் ஏற்பட்ட மைசூர் கம்பெனி, மூலதனம் ஏறக்குறையத் தீர்ந்தபின்னும் தோண்டியதாலன்றோ அவ்வயல் நிலைத்தது. 2001-ல் மூடப்படும்வரை 800 டன்னுக்கு மேல் பொன் ஈந்தது என்பர். மெய்யே. ஆனால் அங்கே பிளம்மர் குருட்டு நம்பிக்கையால் தோண்டவில்லை. முற்காலத்தார் ஆழ வெட்டிச் சென்ற பழங்குழிகளைத் தடயமாகக் கொண்டு அவற்றின் அடியைத் தேடினார். மிஞ்சிய பணம் சோதனைக்குச் சென்றது; ஆடம்பரத்துக்கன்று.

தேசத்தின் கனிகள் தேசத்துக்குப் பயன்படவேண்டுமென்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் சிறு ரேகையை விட்டுவைப்பது நஷ்டமாகாது. மண்ணிலுள்ள பொன் கெட்டுப்போவதில்லை. குடியானவனின் நிலமும் எளியோரின் சேமிப்பும் போனால் திரும்பி வாரா. முதலில் சோதனை, அடுத்து கணக்கு, அதன் பின்னரே யந்திரம். இவ்வரிசையை மாற்றச் சொல்பவர் எவராயினும் அவரிடம் பணத்தை ஒப்புவிக்கலாகாது.