படகின் பின்பக்கம்

பழவேற்காடு ஏரியில், கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, மனிதர்கள் இடுப்பளவு நீரில் நின்று வேலை செய்துகொண்டிருப்பார்கள். முதல்முறை பார்ப்பவர்களுக்குத் திகைப்பாக இருக்கும். கடல்போல் விரிந்து கிடக்கும் அந்த ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டரை ஒட்டியதுதான். கோடையில் இன்னும் இறங்கிவிடும். இருளர் பெண்கள் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, தலை மட்டும் வெளியே தெரியக் குனிந்து, சேற்றைத் தடவி இறால் எடுப்பார்கள். வலை கட்டுகிறவர்களும் நண்டு பிடிக்கிறவர்களும் நீருக்குள் இறங்கித்தான் பிழைக்கிறார்கள். அதே நீரில் எஞ்சின் பூட்டிய பைபர் படகுகளும் ஓடுகின்றன.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரல் 4 அன்று பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, நெல்லூரிலிருந்து சூளூர்பேட்டை, தடா பக்கத்தையும் சேர்த்துக்கொண்டு திருப்பதி மாவட்டம் உருவானது. மலைக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊருக்குக் கடற்கரையும் பழவேற்காடும் கிடைத்தன. ஏரிக்குள் இருக்கும் இரக்கம் தீவுக்காரர்களுக்குப் படகுதான் பேருந்து. தடாவை அடுத்த பி.வி.பாளையத்தில் சுற்றுலாப் படகுத்துறை இருக்கிறது. பூநாரைகள் வந்து இறங்கும் காலத்தில் சூளூர்பேட்டையைச் சுற்றி நடக்கும் பறவைத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் அங்கே படகேறுகிறார்கள். விடுமுறை நாள்களில் திருப்பதி, சித்தூர் இளைஞர்கள் வாக்காடு பக்கத்துக் கடற்கரைகளுக்கும் போகிறார்கள்.

சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நீச்சல் பழகுவது கிணற்றிலும் ஊர் ஏரியிலும்தான். அந்த நீரில் ஓர் ஆபத்துதான் உண்டு, மூழ்குவது. அதனால் நீரில் இருக்கும்போது பிடித்துக்கொள்ள எதுவும் கிடைத்தால் அதை நோக்கிப் போவது உடம்பில் ஊறிய பழக்கம். படகைப் பார்த்தால் அடைக்கலம் என்று தோன்றும். கை எட்டும் உயரத்தில், எளிதாகத் தொற்றி ஏறக்கூடிய தாழ்வான இடம் படகில் எது? பெரும்பாலும் பின்பக்கம். புரொப்பல்லர் சுழல்வதும் அங்கேதான். நீந்துகிறவர்கள் புரொப்பல்லரில் அடிபடும் விபத்துகள் பலவற்றின் வேர் இந்த ஒற்றை முரண்பாட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அடிபட்டவரின் அசட்டுத்துணிச்சல் என்று சொல்லித் தள்ளிவிடுவது அநியாயம்.

2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு, உயிர்காப்பு அங்கியைப் பற்றியும் அளவுக்கு மீறி ஆளேற்றுவதைப் பற்றியும் நிறையப் பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால் நம் படகுப் பாதுகாப்புப் பேச்சு முழுக்க மூழ்குவதைப் பற்றியே இருக்கிறது. அங்கி அணிந்தவர் மூழ்கமாட்டார். புரொப்பல்லரின் மட்டத்திலேயே மிதந்துகொண்டிருப்பார், காலைக் கீழே தொங்கவிட்டு.

புரொப்பல்லர் என்ன செய்கிறது என்பதைக் கணக்கோடு பார்ப்போம். நிமிடத்துக்கு 3,200 சுற்று சுழலும் மூன்று இறக்கைப் புரொப்பல்லர், ஒரே இடத்தை நொடிக்கு 160 முறை கடக்கிறது. அதன் விட்டம் 35 சென்டிமீட்டர் என்றால் இறக்கை நுனியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 210 கிலோமீட்டர். படகு மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆளின் உயரத்தை அது 0.15 நொடியில் கடந்துவிடும். அந்த நேரத்துக்குள் இறக்கைகள் 24 முறை வந்துபோயிருக்கும், ஏழு சென்டிமீட்டருக்கு ஒன்றாக. இத்தகைய காயங்கள் இணைகோடுகளாக வரிசையாக இருப்பதன் காரணம் இதுதான். அமெரிக்காவின் புளோரிடாவில் மானட்டி என்ற கடற்பசுக்களை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக அடையாளம் காண்பதே முதுகில் இருக்கும் இந்தக் கோடுகளை வைத்துத்தான். ஒவ்வொரு விலங்கின் தழும்பும் ஒரு மாதிரி. அவற்றைப் படமெடுத்துப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு விலங்கினத்தின் அடையாள அட்டையாகவே அந்தக் காயம் ஆகிப்போனதைப் படித்தபோது மனம் கனத்தது.

வேகமாக வரும் படகைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுவார்கள். நிற்கும் படகு அதைவிட ஏமாற்றும். புரொப்பல்லரின் இறக்கை, விமானச் சிறகைப் போல முறுக்கி வார்த்த ஒன்று. அது தனக்கு முன்னால் இருக்கும் நீரை இழுத்துப் பின்னால் தள்ளுகிறது. முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள புரொப்பல்லருக்குள் நீர் நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் நுழைந்தாலே, நொடிக்கு இருநூறு லிட்டர் உள்ளே போகிறது. படகு புறப்படும் தறுவாயில் இந்த இழுப்பு வலுவாக இருக்கும். ரிவர்ஸ் போட்டால் திசை மாறி, படகுக்குப் பின்னால் இருக்கும் நீரை இழுக்கத் தொடங்கும். ஏறுவதற்காக ஆள் காத்திருப்பது அங்கேதான். நம்மவர்கள் புடவையோடும் சுடிதாரோடும் லுங்கியோடும் நீரில் இறங்குகிறவர்கள். உடம்புக்கு முன்னால் துணி போய்ச்சேரும், துணிக்குப் பின்னால் உடம்பு.

சத்தம் கேட்டால் விலகிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, நீரில் சுமார் 1,500 மீட்டர். ஓர் ஓசை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை மூளை கண்டுபிடிக்க முக்கியமான வழி, அது இரண்டு காதுகளுக்கும் வந்துசேரும் நேர வித்தியாசம். காற்றிலேயே அது ஆயிரத்தில் அரை நொடி அளவுதான். நீருக்குள் அதிலும் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. போதாததற்கு, நீருக்குள் ஒலி மண்டையோட்டின் வழியாகவும் நேரே உள்காதுக்குப் போய்விடும். அதனால் முங்கி நீந்துகிறவருக்கு எஞ்சின் சத்தம் நன்றாகக் கேட்கும், எந்தத் திசை என்று மட்டும் தெரியாது. தலைக்குள்ளேயே ஒலிப்பதுபோல இருக்கும். தப்பிக்க நினைத்துப் படகின் வழியிலேயே மேலே வந்துவிட வாய்ப்புண்டு.

படகோட்டியின் பக்கமும் பார்க்க வேண்டும். வேகமெடுக்கும்போது படகின் முனை தூக்கிக்கொள்ளும், எதிரே இருக்கும் நீர்ப்பரப்பில் ஒரு பகுதி அவருக்கு மறைந்துவிடும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நொடிக்குப் பதினோரு மீட்டர். கண்டு, புரிந்து, கையை அசைப்பதற்குள் இருபது மீட்டர் போயிருக்கும். அவர் பார்க்க வேண்டியதோ கருத்த நீரில் ஒரு கருத்த தலை. பழவேற்காட்டில் அது இறால் தடவும் பெண்ணின் தலை. பிழைப்புக்காக நீரில் நிற்கிறவரை விலகச் சொல்லும் உரிமை உல்லாசப் படகுக்குக் கிடையாது. வேகத்தைக் குறைக்க வேண்டியதும் வழியை மாற்ற வேண்டியதும் படகுதான்.

நம் கரையில் இதற்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது. சிறு பைபர் படகுகள் பலவற்றில் இருப்பது நீண்ட தண்டின் முனையில் புரொப்பல்லர் பூட்டிய டீசல் எஞ்சின், லாங் டெயில். ஆழமில்லாத நீருக்கு ஏற்றது, பழுதுபார்க்க எளிது, எரிபொருளும் குறைவாகக் குடிக்கும். மீனவர்கள் அதைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் இவற்றில் பலவற்றுக்குக் கியர் கிடையாது, நியூட்ரல் என்ற நிலையே இல்லை. எஞ்சின் ஓடினால் புரொப்பல்லர் சுற்றும். படகோட்டி தண்டை நீரிலிருந்து தூக்கிப் பிடிப்பதுதான் ஒரே வழி, தூக்கினாலும் காற்றில் அது சுழன்றுகொண்டுதான் இருக்கும், படகுக்குப் பின்னால் நிற்கும் ஆளின் மார்பு உயரத்தில். மீனவர்களுக்கு இது கைவந்த விஷயம். அதே படகில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும்போதுதான் சிக்கல். பயணிகளுக்கு இது தெரியாது, யாரும் சொல்வதும் இல்லை.

புரொப்பல்லரைத் தூக்கிக்கொள்ளும் யோசனை இங்கே புதிதல்ல. ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979 முதல் சென்னையை மையமாகக் கொண்டு இயங்கியது. அலை மோதும் மணற்கரையில் நேரே ஏறி இறங்கும் படகுகளை அது வடிவமைத்தபோது, எஞ்சினும் தண்டும் புரொப்பல்லரும் சேர்ந்து சாய்ந்து மேலெழும்பும் அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். மணலில் புரொப்பல்லர் உடையாமல் இருப்பதற்காகச் செய்தது அது. மனித உடம்பை மனதில் வைத்தும் அப்படி ஒன்றைச் செய்ய நம் பொறியாளர்களால் முடியும்.

நீருக்கு வெளியே, படகுக்குள்ளேயே இருக்கும் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். பிரேசிலின் அமேசான் பகுதியில் சிறு படகுகளின் எஞ்சின் தண்டு மூடியில்லாமல் பயணிகளின் காலடியில் சுற்றிக்கொண்டிருக்கும். குனிந்து நீர் இறைக்கும் சிறுமிகளின், பெண்களின் நீண்ட கூந்தல் அதில் சிக்கி, தலைத்தோல் முழுதாகப் பிய்ந்துவந்த விபத்துகள் அங்கே பல பத்தாண்டுகளாக நடந்தன. பாதிக்கப்பட்ட பெண்களே சங்கம் அமைத்துப் போராடினார்கள். 2009இல் பிரேசில் சட்டம் இயற்றியது: எஞ்சினையும் தண்டையும் மூடாமல் படகு ஓட்டக்கூடாது. கடற்படையினர் ஊர் ஊராகப் போய் இலவசமாக மூடி பொருத்தினார்கள். ஏழைகளின் படகுகள் என்று ஒதுக்காமல், ஏழைகளின் படகுகளாயிற்றே என்று அரசே கூலியும் பொருளும் கொடுத்தது. கூந்தல் வளர்க்கும் நம் நாட்டில் படகுத்தண்டுக்கு ஒரு தகர மூடி போட என்ன தடை?

ஓட்டுபவர் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் பாட்ஸ்டோ சம்பவம் போதும். 2013 மே 5 அன்று அங்கே ஒரு குடும்பத்தின் வேகப்படகு சட்டென்று திரும்பியதில் ஆறு பேரும் நீரில் தூக்கியெறியப்பட்டார்கள். ஆளில்லாத படகு நேரே போய்விடவில்லை. வட்டமடித்துத் திரும்பத் திரும்ப அவர்கள் மேலேயே வந்தது. தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தார்கள். எஞ்சினையும் ஓட்டுபவரையும் இணைக்கும் சுருள்கயிறு அந்தப் படகில் இருந்தது, அவர் உடம்பில் மாட்டப்படவில்லை. ஆள் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் அணைந்துவிடும், அவ்வளவு எளிய கருவி அது. அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான படகுகளை ஓட்டுகிறவர்கள் இந்தக் கயிற்றை மாட்டியிருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் சட்டம். நம் சுற்றுலாப் படகுத்துறைகளில் இதை நாளைக்கே கட்டாயமாக்கலாம்.

அறிவிப்புப் பலகையை மட்டும் நம்ப முடியாது. 2000 டிசம்பர் 18 அன்று மெக்சிகோவின் கோசுமெல் தீவருகே, முக்குளிப்பவர்களுக்கென்று ஒதுக்கிய நீர்ப்பரப்புக்குள் ஒரு வேகப்படகு நுழைந்தது. நீரிலிருந்து மேலே வந்துகொண்டிருந்த பாடகி கிர்ஸ்டி மக்கோல், மகனை ஒருபுறம் தள்ளிவிட்டுத் தான் அடிபட்டு இறந்தார். நீந்தும் இடத்தை மிதவைக் கயிற்றால் கண்ணுக்குத் தெரியும்படி வேலியிட வேண்டும், படகு அதற்குள் வராதபடி பார்க்க ஆளும் வேண்டும்.

புரொப்பல்லருக்குக் கூண்டு போட்டுவிட்டால் தீர்ந்தது என்பார்கள். பாதி உண்மை. மெதுவாகப் போகும் படகுக்கும் மீட்புப் படகுக்கும் அது நல்லது. ஆஸ்திரேலியாவின் கடற்கரை உயிர்காப்பாளர்களின் ரப்பர் படகுகளில் இருக்கிறது. வேகமாகப் போகும் படகில் கூண்டே சம்மட்டிபோல் இடிக்கும். பழவேற்காடு மாதிரியான இடத்தில் பாசியும் அறுந்த வலையும் கூண்டில் அடைத்துக்கொள்ளும் என்று மீனவர்கள் சொன்னால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. சுற்றுலாப் படகுக்கு வேறொரு வழி உண்டு. நியூசிலாந்தின் பில் ஹாமில்டன் 1950களில், ஆழமில்லாத கல் ஆறுகளில் ஓட்டுவதற்காக நீரைப் பீய்ச்சி நகரும் படகை உருவாக்கினார். அதில் சுழலும் பாகம் குழாய்க்குள் ஒளிந்திருக்கும். அரசு புதிதாகப் படகு வாங்கும்போது இதை யோசிக்க வேண்டும்.

வெள்ள மீட்பிலும் இதே ஆபத்து உண்டு. 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் நீர் ஓடியது, ராயலசெருவு ஏரி உடைந்துவிடுமோ என்று ஊர் ஊராக மக்களை வெளியேற்றினார்கள். அப்படிப்பட்ட நீரில் மீட்புப் படகு ஆளை நெருங்கும் கடைசிச் சில மீட்டரை எஞ்சினை அணைத்துத் துடுப்பால் கடக்க வேண்டும். நீரில் இருப்பவர் படகின் பக்கவாட்டைப் பிடிக்க வேண்டும், பின்புறத்தை அல்ல. குதித்து நீந்தும் இளைஞர்களுக்கும் இதுவே. ஏறுவதற்கு முன் சத்தமாகக் கேளுங்கள்: "அண்ணா, எஞ்சினை நிறுத்திட்டீங்களா?" பதில் வந்த பிறகு நெருங்குங்கள். படகோட்டியும் தலையை எண்ணிப் பார்க்காமல் எஞ்சினைத் தொடக்கூடாது. நியூட்ரலில் விட்டால் போதும் என்பது இங்கே செல்லாது, அணைக்கத்தான் வேண்டும்.

அடிபட்டுவிட்டால் நேரம்தான் எதிரி. தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். பி.வி.பாளையத்திலிருந்து திருப்பதியோ சென்னையோ, பெரிய மருத்துவமனைக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். காயத்தில் துணியைத் திணித்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்த வேண்டும். கை, கால் என்றால் காயத்துக்கு மேலே, உடம்புப் பக்கமாக, அகலமான பட்டையைச் சுற்றி ரத்தம் நிற்கும்வரை முறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். மருத்துவர் அவிழ்க்கும்வரை தளர்த்தக்கூடாது. ஏரி நீரிலும் உப்புநீரிலும் வாழும் கிருமிகள் ஆழமான காயத்தில் வேகமாகப் பரவும் என்பதால், எந்த நீரில் அடிபட்டது என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்தப் பட்டை படகில், உயிர்காப்பு அங்கிக்குப் பக்கத்தில், எல்லார் கைக்கும் எட்டும்படி தொங்க வேண்டும். படகுக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரி அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.