பவளத்தொட்டியின் குடிபெயர்ச்சி



தமிழகத்தை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்க்கு வீடு மாற்றுவது புதிய விஷயமன்று. வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்தில் முடிகிறது. மாற்றல் உத்தரவு வருகிறது. அல்லது நெடுநாள் காத்திருந்த அரசாங்கக் குடியிருப்பு கிடைத்துவிடுகிறது. பாத்திரபண்டங்களை மூட்டை கட்டி, மாவரைக்கும் கிரைண்டரைப் பழம்புடவையில் சுற்றி, வண்டியேறிவிடுகிறோம். ஆயின், வீட்டில் உப்புநீர்ப் பவளத்தொட்டி ஒன்று இருந்துவிட்டால் காரியம் அத்தனை எளிதன்று. ஏனைய பொருள்கள் ஒருநாள் வெயிலில் கிடந்தாலும் பாதகமில்லை. தொட்டியில் உள்ளவையோ உயிர்கள். பிழை நேர்ந்தால் அவை திரும்ப வாரா.

இதனை நாம் பட்டறிந்தே கூறுகிறோம். டில்லியில் நம் இல்லத்தில் உள்ள தொட்டி 90 சென்டிமீட்டர் நீளமும், 45 சென்டிமீட்டர் அகலமும், அதே அளவு உயரமும் உடையது. செயற்கையாக வார்த்த பாறைகள், மணல், சில மென்பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள் ஆகியவையே அதன் குடிமக்கள். முதன்முறை வீடு மாற்றியபோது, பழைய அழுக்கைப் புதுமனைக்குக் கொண்டுசெல்வானேன் என்று எண்ணினோம். பாறைகளைக் குழாய்நீரில் தேய்த்துக் கழுவினோம். வடிகட்டிப் பஞ்சையும் அவ்வாறே வெளுக்கச் செய்தோம். தொட்டி பளிங்குபோல் காட்சியளித்தது. மூன்றாம் நாள் காலையில் மீன்கள் இரண்டும் மிதந்தன. வீட்டுக் குழந்தைகளுக்குச் சமாதானம் கூற நம்மிடம் சொல் இல்லை. இப்போது உள்ளவை அதன்பின் வாங்கியவை.

நாம் செய்த பிழை யாது? கண்ணுக்குத் தெரிந்த குடிகளைக் காத்து, தெரியாத குடிகளைக் கொன்றுவிட்டோம். மீன்கள் தம் செவுள்களின் வழியாக அம்மோனியாவை இடையறாது வெளியிடுகின்றன. அது அவற்றுக்கே நஞ்சு. பாறையின் மேற்பரப்பிலும் மணலிலும் குடிகொண்டுள்ள ஒருவகை நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. மற்றொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றது. பாறையின் உள்ளே பிராணவாயு எட்டாத துளைகளில் வாழும் வேறு சில, அந்த நைட்ரேட்டைச் சாதாரண நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. இந்தத் துப்புரவுப் படையில் மிகச் சிறு பகுதியே நீரில் மிதப்பது. பெரும்பகுதி பாறையிலும் மணலிலும்தான் ஒட்டி வாழ்கிறது. குழாய்நீரில் உள்ள குளோரினும் உப்பின்மையும் அதனை அழித்துவிடும். புதிதாக அப்படை பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஆகவே, பவளத்தொட்டியை இடம் மாற்றுவதென்பது கண்ணாடியையும் நீரையும் சுமந்து செல்வதன்று. பாறையில் உள்ள உயிரை ஈரம் உலராமல், வெப்பம் குறையாமல், மூச்சு முட்டாமல் கொண்டு சேர்ப்பதேயாகும்.

சென்ற தை மாதத்தில் இரண்டாம் முறை குடிபெயர்ந்தபோது இந்த உண்மையை வைத்தே திட்டம் வகுத்தோம். முதல் வேலை பழைய வீட்டில் அன்று, புதிய வீட்டில். நம் தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் 182 லிட்டர் கொள்ளும்; அந்த உப்புநீர் மட்டுமே ஏறக்குறைய 187 கிலோ எடை. அதனால் தாங்குமேடையைச் சுவரோரமாக நிறுத்தி, கொத்தனார் கையாளும் ரசமட்டம் கொண்டு சமம் பார்த்தோம். மேடை சற்றே சாய்ந்தாலும் கண்ணாடியின் ஒட்டுக்கள் ஒருபுறம் இழுபட்டு நாளடைவில் கசியும்.

அடுத்தது நீர். பாதி பழைய நீர், பாதி புதிய நீர் என்று கணக்கிட்டோம். 90 லிட்டர் வடிகட்டிய நீரில், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம், மூன்று கிலோவுக்குச் சற்று மிகுதியாகக் கடலுப்புக் கலவையைக் கரைத்து, ஒரு நாள் முழுதும் சிறு விசைக்குழாயால் சுழலவிட்டோம். சமையல் உப்பு இதற்கு உதவாது; கடல்நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அதில் போதிய அளவு இல்லை. ஹைட்ரோமீட்டரில் 1.025 காட்டும்போது உப்பின் அளவு சரி எனக் கொள்ளலாம்.

புறப்படுவதற்கு முதல்நாள் மீன்களுக்கு உணவு இடவில்லை. வயிறு நிறைந்த மீன் பயணப் பையிலேயே கழிவை வெளியிட்டுத் தன் நீரைத் தானே கெடுத்துக்கொள்ளும்.

தொட்டியைக் கலைப்பதற்கும் ஒரு முறை உண்டு. மணல் கலங்குமுன் மேலே உள்ள தெளிந்த நீரைக் குழாய் வைத்து உறிஞ்சி மூடியுள்ள வாளிகளில் சேகரிக்கவேண்டும். பிறகு பவளங்களை ஒவ்வொன்றாகத் தனித்தனிப் பாத்திரத்தில், அந்த நீரில் முழுதும் அமிழ்ந்திருக்குமாறு வைக்கவேண்டும். மென்பவளங்கள் துன்புறும்போது நச்சுப்பொருள்களைக் கசியவிடுவதுண்டு. ஆதலின் ஒன்றோடொன்று சேர்க்கலாகாது. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளே ஒளியைக் கொண்டு அதற்கு உணவாக்கித் தருகின்றன. எனினும் ஒரு நாள் இருட்டில் இருப்பதால் தீங்கில்லை. அதன்பின் பாறைகள் மூடியுள்ள பெரிய டிரம்மில் நீருக்குள் செல்லும். மீன்களைக் கடைசியில் பிடிக்கவேண்டும். பாறைகள் உள்ளவரை அவை ஒளிந்து அலைக்கழிக்கும். பாறைகள் நீங்கி நீரும் குறைந்தபின் எளிதில் அகப்படும். பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் இரு பங்கு காற்றும் இருத்தல் வேண்டும்.

மணலைப்பற்றி ஓர் எச்சரிக்கை. ஆழமான மணலின் அடியில் காற்றுப் புகாமையால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு தங்கியிருக்கும். அழுகிய முட்டை நாற்றத்தால் அதனை அறியலாம். அடிமணலைக் கிளறி அப்படியே புதிய வீட்டில் கொட்டினால் அங்குள்ள உயிர்களுக்கு ஆபத்து. மேல்மணலில் சிறிதளவை மட்டும் ஈரத்துடன் எடுத்துக்கொண்டு, அடிமணலை நீக்கிவிட்டு, கழுவிய புதுமணலைச் சேர்ப்பதே உசிதம். தொட்டியை ஒருபோதும் நீருடனோ மணலுடனோ தூக்கலாகாது.

டில்லியின் தைமாதக் குளிர் நேயர்கள் அறிந்ததே. பவளங்களுக்குத் தேவையான வெப்பம் 25 அல்லது 26 டிகிரி. பைகளையும் பாத்திரங்களையும் தெர்மோகோல் பெட்டிகளில் வைத்து மூடினோம். பாறை டிரம்மிலும் மீன்களைப் பையிலிருந்து மாற்றிய வாளியிலும் மின்கலத்தால் ஓடும் காற்றுக் குழாய்களை இட்டோம். கரோல்பாக்கிலிருந்து ராமகிருஷ்ணபுரம் வரையில் பயணம் ஒரு மணி நேரமே. ஆயினும் சுமைவண்டி தாமதிக்கும், மாடிப்படியில் பீரோ சிக்கிக்கொள்ளும் என்று எதிர்பார்த்து, அரைநாளுக்கு வேண்டிய ஏற்பாட்டுடன் புறப்பட்டோம். அது வீண்போகவில்லை, நான்கு மணி நேரம் ஆயிற்று.

புதிய இல்லத்தில் பால் காய்ச்சியவுடன் தொட்டியைத்தான் கவனித்தோம். பாறை, மணல், பழைய நீர், புதிய நீர், வெப்பச்சாதனம் என்ற வரிசையில் அமைத்து, நீர் தெளிந்து வெப்பம் நிலைத்தபின் பவளங்களையும், ஈற்றில் மீன்களையும் விட்டோம். பவளமானாலும் மீனானாலும் தொட்டிநீரைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்கியபின்னரே விடவேண்டும். முதல்நாள் விளக்கு ஏற்றவில்லை. பின்னர் நாள்தோறும் சிறிது நேரம் கூட்டினோம். இரண்டு வாரம் தினமும் அம்மோனியாவைச் சோதித்தோம். ஆறாம் நாள் அதன் அறிகுறி தோன்றவே, கால்பங்கு நீரை மாற்றியதும் அடங்கிற்று.

இங்கே ஒன்று கூறவேண்டும். ஊருக்குச் செல்வோர் இராமேசுவரத்திலோ தூத்துக்குடியிலோ கரையொதுங்கிய பவளக்கல்லைத் தொட்டிக்கென எடுத்துவருதல் கூடாது. கல்பவளங்கள், கடல்விசிறிகள், கடற்குதிரைகள் ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாயின. செயற்கைப் பாறையே ஓராண்டில் உயிர்ப்பாறையாகிவிடும்போது, அங்குள்ளதைப் பெயர்ப்பதற்கு அவசியமுமில்லை.

குடிபுகுந்த ஐந்து நாள்வரை தோல்பவளம் சுருங்கியே கிடந்தது. அதுவும் போயிற்றோ என்று வீட்டார் கவலையுற்றனர். எட்டாம் நாள் காலையில் அதன் மேல் சிறு இதழ்கள் ஒவ்வொன்றாக நீண்டு நீரில் அசைந்தன. அன்றுதான் மீதமிருந்த மூட்டைகளைப் பிரிக்கலானோம்.