இல்லறம் கற்பிக்க அரசால் இயலுமா?

திருமணத்தைத் திருக்குர்ஆன் 'மீஸாக் கலீழ்', அதாவது உறுதிமிக்க உடன்படிக்கை என்று அந்நிஸா அத்தியாயத்தில் (4:21) குறிப்பிடுகிறது. உடன்படிக்கை செய்வது ஒரு நாழிகைப் பணி; அதனைக் காப்பது வாழ்நாள் பணி. அவ்வாறு காக்கும் ஆற்றலைப் பாடம் நடத்திக் கற்பிக்க முடியுமா? முடியுமெனில் அப்பொறுப்பு குடும்பத்தினுடையதா, மார்க்க அறிஞர்களுடையதா, அரசினுடையதா? இவ்வினாவுக்குப் பெரும் பொருட்செலவில் விடை காண முயன்ற நாடு அமெரிக்கா ஆகும். அந்நாட்டின் அனுபவம் நமக்கும் படிப்பினை தரத்தக்கது.

1996ஆம் ஆண்டில் அமெரிக்கா தன் வறியோர் உதவிச் சட்டத்தைத் திருத்தியமைத்தபோது, தாயும் தந்தையும் இணைந்து வாழும் குடும்பங்களை ஊக்குவிப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. இதனை அடியொற்றி 1999இல் ஓக்லஹோமா மாநில ஆளுநர் ஃபிராங்க் கீட்டிங், வறியோர் உதவி நிதியிலிருந்து ஒரு கோடி டாலரைத் திருமண வாழ்வுப் பயிற்சிக்கென ஒதுக்கினார். அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் ஆட்சியில் இது நாடு தழுவிய திட்டமாயிற்று. 2006 பிப்ரவரியில் கையெழுத்தான சட்டம் ஆண்டுக்கு 15 கோடி டாலர் வழங்கியது. அதில் 5 கோடி வரை தந்தையரின் பொறுப்புணர்வை வளர்க்கும் பணிகளுக்கு உரியது. 2010இல் இவ்விரு பணிகளுக்கும் நிதி சமமாகப் பகுக்கப்பட்டது.

இப்பயிற்சிகளில் கற்பிக்கப்பட்டவை யாவை? ஓக்லஹோமா முதலில் தேர்ந்துகொண்ட பாடத்திட்டம், டென்வர் பல்கலைக்கழகத்து உளவியலாளர்களான ஹோவர்ட் மார்க்மன், ஸ்காட் ஸ்டான்லி ஆகியோரின் ஆய்வுகளிலிருந்து உருவானது. வாக்குவாதம் படிப்படியாக முற்றுதல், துணைவரின் உணர்வைச் சிறுமைப்படுத்துதல், அவருடைய சொல்லுக்கும் செயலுக்கும் தீய உட்பொருள் கற்பித்தல், பேச மறுத்து ஒதுங்குதல் ஆகிய நான்கையும் அபாய அறிகுறிகளாக அது எண்ணுகிறது. ஒருவர் பேச, மற்றவர் குறுக்கிடாது கேட்டு, கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லவேண்டும். சினம் மேலிடும்போது பேச்சை நிறுத்திவைத்து, பின்னர் மறவாமல் தொடரவேண்டும். நாவைக் காப்பதையும் சினத்தை விழுங்குவதையும் நற்பண்பின் உச்சமாகக் கற்ற சமுதாயத்திற்கு இவை அந்நியமான போதனைகள் அல்ல.

இத்திட்டத்தின் பாராட்டத்தக்க கூறு, அரசு தன் முயற்சியைத் தானே அளந்து பார்க்க முன்வந்தது ஆகும். திருமணமாகாமல் குழந்தை பெற்ற, அல்லது குழந்தையை எதிர்நோக்கியிருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வறிய இணையர் எட்டு இடங்களில் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டனர். குலுக்கல் முறையில் ஒரு சாராருக்குப் பயிற்சி வழங்கப்பட்டது, மறுசாராருக்கு வழங்கப்படவில்லை. மூன்றாண்டுகளுக்குப் பின் நோக்கியபோது, சேர்ந்து வாழ்வதிலோ உறவின் தரத்திலோ மொத்தத்தில் இரு சாராரிடையே வேறுபாடு காணப்படவில்லை. ஓக்லஹோமாவில் மட்டும் சிறிது நன்மை தென்பட்டது. பால்டிமோர் நகரிலோ, 15 மாதங்களுக்குப் பின் பயிற்சி பெற்றோரிடையே பிரிவு சற்று மிகுந்தே இருந்தது.

ஏற்கெனவே மணமுடித்த ஏறத்தாழ 6,300 வறிய தம்பதியரைக் கொண்டு மற்றோர் ஆய்வு நடைபெற்றது. அதன் இறுதி முடிவுகள் 2014இல் வெளிவந்தன. பயிற்சி பெற்ற தம்பதியரிடையே கனிவும் பரஸ்பர ஆதரவும் சற்றே கூடியிருந்தன. கடுஞ்சொல்லும் மனத்தைப் புண்படுத்தும் நடத்தையும் சற்றே குறைந்திருந்தன. இரண்டரை ஆண்டுகளுக்குப் பின்னும் இந்நன்மை நிலைத்திருந்தது. ஆயினும் மணவிலக்கின் அளவில் மாற்றம் நேரவில்லை.

இதனைத் தோல்வி என்று கூறுவோர் பலர். வறியோருக்கு உணவும் வேலையும் அளிக்கவேண்டிய நிதி வகுப்புகளுக்குச் செலவாகிறதே என்பது அவர்களது வாதம். அதில் நியாயமும் உண்டு. வாடகை கொடுக்க இயலாத வீட்டில் பேச்சுக் கலை மட்டும் அமைதி தந்துவிடாது. கொடுமைக்கு உள்ளாகும் பெண்ணை 'பொறுத்துக்கொள்' என்று கூறும் கருவியாக இப்பயிற்சி மாறிவிடுமோ என்ற அச்சமும் எழுந்தது. எனவேதான், பங்கேற்பு விருப்பத்தின் பேரில் மட்டுமே அமையவேண்டும் என்றும், இல்லக் கொடுமையை எவ்வாறு எதிர்கொள்வர் என்பதை நிதி கோருவோர் விளக்கவேண்டும் என்றும் சட்டம் விதித்தது.

முஸ்லிம் நாடான மலேசியா மேற்கொண்ட வழி வேறு. அங்கு மணம் புரியவிருக்கும் முஸ்லிம்கள் திருமணத்திற்கு முந்தைய பயிற்சியில் கலந்துகொண்டு சான்றிதழ் பெறுவது கட்டாயம். இதனால் பயிற்சி எல்லோரையும் சென்றடைகிறது, ஐயமில்லை. ஆனால் சான்றிதழுக்காக அமர்ந்திருப்பவரும் கற்பதற்காக அமர்ந்திருப்பவரும் ஒருவரல்லர்.

இவ்விடத்தில் ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் பரீரா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நினைவுகூரத்தக்கது. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற அவர், அடிமையாகவே இருந்த தம் கணவர் முகீஸைப் பிரியும் உரிமையைப் பயன்படுத்தினார். முகீஸோ கண்ணீர் தாடியை நனைக்க மதீனாவின் தெருக்களில் அவரைப் பின்தொடர்ந்து சென்றார். இதனைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், கணவரிடம் திரும்பலாமே என்று பரீராவிடம் கூறினார்கள். இது கட்டளையா என்று அவர் வினவினார். இல்லை, பரிந்துரையே என்பது பதில். அவ்வாறாயின் தமக்கு அவர் தேவையில்லை என்று பரீரா மறுத்துவிட்டார். அண்ணலார் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஆட்சித் தலைவரும் இறைத்தூதருமாகிய அவர்களே பரிந்துரைக்கும் கட்டளைக்கும் இடையே கோடு கிழித்து நின்றார்கள் எனில், பிற அரசுகளுக்கு அதில் எத்துணைப் பெரிய பாடம் உள்ளது!

பிணக்கு முற்றும்போது இரு குடும்பத்தாரிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அனுப்புமாறு திருக்குர்ஆன் (4:35) வழிகாட்டுகிறது. தம்பதியர் அதிகாரம் அளித்தாலன்றி அந்நடுவர்கள் மணத்தைப் பிரிக்க இயலாது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. இயலும் என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்து. எவ்வாறாயினும், குடும்பத்தின் நிலையறிந்த நடுவர் செய்யக்கூடியதைக் குறிப்பிட்ட மணிநேர வகுப்பு செய்துவிட முடியாது. வகுப்பு என்பது பிணக்கிற்கு முந்தைய ஆயத்தம் மட்டுமே.

அவ்வாயத்தத்தின் பயனை எதனைக்கொண்டு அளப்பது? மனைவியரோடு நல்ல முறையில் வாழுமாறு இறைமறை (4:19) பணிக்கிறது. அந்த அளவுகோலின்படி, பிரியாத மணங்களின் எண்ணிக்கை முதன்மையானதன்று. மணத்திற்குள் நிலவும் நடத்தையே முதன்மையானது. அமெரிக்கத் தம்பதியரிடம் காணப்பட்ட அச்சிறு கனிவு, புள்ளிவிவரக்காரருக்கு அற்பமாகத் தோன்றலாம். ஒரு வீட்டின் அன்றாட வாழ்வில் அது அற்பமன்று.

அரபிக் கல்லூரிகளில் பாடம் நடத்தும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஃபிக்ஹு நூல்களின் தலாக் பாடத்தில் அதன் வகைகளையும் சொற்களையும் மாதக்கணக்கில் விளக்குகிறோம். ஆனால் மணமகனாக வரும் இளைஞருக்கோ, நிகாஹ் நாளில் பொருள் விளங்காத ஓர் அரபிக் குத்பாவே பெரும்பாலும் கிடைக்கிறது. மணமகளுக்கு அதுவும் முழுமையாகக் கிடைப்பதில்லை. நிகாஹ் பதிவேட்டில் கையொப்பம் பெறும் ஒவ்வொரு ஜமாஅத்தும், சில நாள்களுக்கு முன்பே இருவரையும் அழைத்து, உரிமைகளையும் கடமைகளையும், சினம் வந்தால் பேசும் முறையையும், கொடுமை நேர்ந்தால் நாடவேண்டிய இடத்தையும் எடுத்துரைக்கலாம். இதற்குக் கோடி டாலர் தேவையில்லை. கட்டளையாக அன்றி, நன்மை நாடும் பரிந்துரையாக அது அமைந்தால் போதும்.