ஈரலில் எஞ்சுவது எவ்வளவு?



வாகரையில் எங்கள் அயலவரான மீனவர் ஒருவர், மலத்தில் இரத்தம் கண்டும் மூலவியாதி என்றெண்ணிப் பல மாதங்களைக் கழித்தார். பின்னர் பெருங்குடலிற் புற்றுநோய் என்றும், அது ஈரலுக்கும் பரவியுள்ளதென்றும் தெரியவந்தது. “இனி வீட்டில் வைத்தே பார்ப்போம்” என்றனர் உறவினர். அம்முடிவுக்கு வருமுன் வைத்தியரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு.

இந்நோய் ஈரலை நாடுவதேன்? பல ஆறுகளின் நீர் கடலைச் சேருமுன் வாவியில் தங்கி வண்டலைப் படியவிடுகின்றதன்றோ? அவ்வாறே பெருங்குடலின் இரத்தம் பெரும்பாலும் முதலில் ஈரலுக்கே செல்கின்றது. அதனுடன் வரும் நோய்க்கலங்கள் அங்கே தங்கி வளர்கின்றன.

ஈரலை எட்டுக் கூறுகளாகப் பகுக்கலாமென 1957இல் பிரெஞ்சு வைத்தியர் குயினோ விளக்கினார். ஒவ்வொரு கூறுக்கும் தனி இரத்தக் கிளை உண்டு. ஆகவே, நோயுற்ற கூற்றை மட்டும் அகற்ற முடிகின்றது. முன்னர் மூன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருப்பின் சத்திரசிகிச்சை பொதுவாகத் தவிர்க்கப்பட்டது. இன்று எத்தனை கட்டிகள் என்பதினும், எவ்வளவு நல்ல ஈரல் எஞ்சும் என்பதே முதன்மையானது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு எஞ்சினாற் போதும். அது சில வாரங்களில் வளர்ந்து பெருக்கும்.

எஞ்சுவது போதாதெனின் வழிகள் உள. நோயுள்ள பக்கத்துக்குச் செல்லும் வாயில்நாளக் கிளையை அடைத்தால், மறுபக்கம் பருக்கும், அதன்பின் அறுப்பர். இருபுறமும் கட்டிகள் இருப்பின் இருமுறையாக அறுப்பதுமுண்டு. மருந்தினாற் கட்டிகளைச் சுருக்கியபின் அறுப்பதும் வழக்கம். குடலை முதலில் அறுப்பதா, ஈரலையா, இரண்டையும் ஒருங்கேயா என்பது நோயாளியின் நிலையைப் பொறுத்தது.

இவ்வாறு முற்றாக அகற்றப்பெற்றோரில் 100 பேருக்கு ஏறத்தாழ 40 பேர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். நோய் மீள்வதுண்டு, அப்போதும் சிலருக்கு மறுபடி அறுக்க இயலும். எல்லோருக்கும் இச்சிகிச்சை பொருந்தாது. ஆயினும் அதனை முடிவுசெய்ய வேண்டியவர் ஈரல் சத்திரசிகிச்சை நிபுணரே.

ஆகவே, “ஈரலில் உள்ளதை அகற்ற இயலுமா? எந்த நிபுணரிடம் காட்டலாம்?” என்று கேளுங்கள். எங்கள் அயலவருக்காக இக்கேள்வி எழுந்தபோது காலம் கடந்திருந்தது. மலத்தில் இரத்தம் கண்டாலோ, மலங்கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தாலோ, வெட்கத்தை விடுத்து வைத்தியரை நாடுங்கள்.